முன்னால் போய் நிற்பவன்

"அந்தப் புள்ளி நகருதுக்கா!"

தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கத்தினான். கம்ப்யூட்டர் திரையில் வட்டமாக ஒரு ராடார். அதில் பச்சைக் கோடு ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. மேல் பக்கம் கடக்கும்போதெல்லாம் ஒரு புள்ளி மினுக்கி மறைந்தது. மூடுபனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போகும் எண்ணெய்க் கப்பல் அது. இவர்களுடைய நீர்மூழ்கி தண்ணீருக்கு மேலே முதுகை மட்டும் காட்டிக்கொண்டு காத்திருந்தது.

"கத்தாம திசையைச் சொல்லு. தூரத்தைச் சொல்லு" என்றாள் மூத்தவள்.

அவன் சொல்லச் சொல்ல, அவள் பக்கத்தில் விரிந்திருந்த கடல் வரைபடத்தில் மவுஸால் ஒரு புள்ளி வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். மறுபடி கேட்டு இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கப்பல் போகும் திசை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தால் அதன் வேகம். கப்பல்காரன் வளைந்து வளைந்து போகிறவனாக இருக்கலாம் என்பதால் மூன்றாவதாகவும் ஒன்று.

"அது இருக்கிற இடத்துக்கு ஓட்டாதே. அது வரப்போற இடத்துக்கு ஓட்டு. முன்னாடி போய் நின்னுட்டா நாம துரத்தவே வேண்டாம். அதுவே நம்ம கைக்கு வரும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நாக்கு கசந்தது. இந்த வாக்கியம் அவளுடையது இல்லை. இதைச் சொல்லிக் கொடுத்தவன் வேறு ஒருவன்.

"சரி, ராடாரை அணை."

"இரு அக்கா, இன்னும் ஒரே ஒரு சுத்து..."

"அணைடா! இருட்டுல ஒளிஞ்சுக்கிட்டு டார்ச் அடிக்கிற மாதிரிதான் இது. உனக்கு அவன் தெரிவான், அவனுக்கு நீ தெரியமாட்டியா?"

அவன் அணைப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு காவல் கப்பல் ஒன்று நேராக இவர்களை நோக்கியே வந்தது. இவர்கள் முங்கினார்கள். தலைக்கு மேலே குண்டுகள் வெடித்தன. திரை கறுத்தது.

தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தம்பியின் மனைவி திரும்பிப் பார்த்தாள். "குழாய்ல ஒரு வாளி தண்ணி பிடிக்க ஆள் இல்ல. அக்காவும் தம்பியும் நடு வீட்டுல கடலை விட்டுக் கப்பல் ஓட்டுறாங்க!"

துணிக் குவியல் மேல் படுத்திருந்த மூத்தவளின் வாண்டு தலையைத் தூக்கியது. "மறுபடியும் முங்கிட்டோமாம்மா?"

"முங்கினோம் கண்ணு. எழுந்திருக்கத்தான் முடியல" என்று மூத்தவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

இந்த வாரம்தான் இவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மூத்தவளின் கணவன் நிலம் அளக்கும் சர்வேயர். குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். குரலைக்கூட உயர்த்த மாட்டான். யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதன் என்பார்கள். ஆனால் மூத்தவள் எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் அங்கே நிற்பான். மருத்துவமனைக்குப் போனால் வாசலில் டோக்கனோடு நின்று "வா" என்பான். சொல்லாமல் தோழி வீட்டுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே டீ குடித்துக்கொண்டிருப்பான். துரத்துகிறவன் என்றால் ஓடிவிடலாம். முன்னால் போய் நிற்பவனிடமிருந்து எந்தப் பக்கம் ஓடுவது?

ஒருநாள் அவள் வாய்விட்டே கேட்டாள், என்னைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்களேன் என்று. "தாராளமா விடறேன். நீ எங்க வேணா போ. வாண்டு மட்டும் என்னோட இருக்கும்" என்றான், அளவுச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே.

அவன் வெளியூருக்கு அளக்கப் போன ஒரு நாளில், ஒரு பையில் குழந்தையின் துணியைத் திணித்துக்கொண்டு தம்பியிடம் வந்து சேர்ந்தாள். தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கல்யாணமானதும் இந்த ஊருக்குக் குடி வந்தவன். அந்தக் கல்யாணத்துக்கே வராமல் முறுக்கிக்கொண்டு நின்ற சர்வேயருக்குத் தம்பியின் புது விலாசமும் தெரியாது, தம்பி மனைவியின் முகமும் தெரியாது. அவளுக்கும் அவனைத் தெரியாது. வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று அடுத்த வாரம் நீதிமன்றம் சொல்லும். அதுவரைக்கும் ஆள் இருக்கிற இடம் தெரியாமல் இருங்கள் என்பது வக்கீலின் கட்டளை.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைக் கல்யாணமான புதிதில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவனேதான். இப்போது அதையே தம்பியோடு விளையாடினாள். அவன் எப்படி யோசிப்பான் என்பது மறந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். தம்பிக்கு அது பொழுதுபோக்கு. அவளுக்கு அப்படி இல்லை.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தினமும் காலையில் தம்பி தன் பட்டறை போனிலிருந்து சர்வே ஆபீசுக்கு டயல் செய்வான். அந்தப் பக்கம் "ஹலோ" என்று சர்வேயரின் குரல் கேட்டதும் வைத்துவிடுவான். உடனே அக்காவுக்கு ஒரு மெசேஜ்: 'புள்ளி இருக்கு.' அவன் அங்கே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்த பிறகுதான் மூத்தவளுக்குச் சோறு இறங்கும்.

மறுநாள் மெசேஜ் வரவில்லை.

மூத்தவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ்களைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவாள். அன்றைக்கு ஒரே ஃப்ரேமை மூன்று தடவை சூட்டில் காட்டினாள். அது வளைந்து கோணலானது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் போன் அடித்தது.

"அக்கா, புள்ளி இல்லக்கா" என்றான் தம்பி.

"என்னடா சொல்ற?"

"காலையில யாருமே எடுக்கல. மறுபடி மறுபடி அடிச்சேன். இப்பதான் வேற யாரோ எடுத்தாங்க. சர்வேயர் சார் லீவாம். முந்தாநாள்லேர்ந்து லீவாம்."

"முந்தாநாளா? நேத்துகூட இருக்குன்னு மெசேஜ் போட்டியேடா!"

மறுமுனையில் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வாயைத் திறந்து சொல்லு."

"முந்தாநாளும் நேத்தும் லைன் பிஸியா இருந்துச்சுக்கா. பிஸின்னா ஆள் சீட்ல இருக்காருன்னுதானே அர்த்தம், அதான் போட்டேன். நீ பயந்துடுவேன்னுதான்..."

அவனைத் திட்ட நேரமில்லை. திட்டவும் மனம் வரவில்லை. அக்கா பயப்படக் கூடாது என்று பொய் சொன்னவனை என்னவென்று திட்டுவது?

"இன்னொண்ணும் இருக்குக்கா. நேத்து நான் வெளிவேலைக்குப் போயிருந்தப்ப பட்டறைக்கு ஒரு போன் வந்திருக்கு. பார்ட்னர் எடுத்திருக்கான். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குன்னு கேட்டாங்களாம். பட்டறை எங்க, மெக்கானிக் வீடு பக்கத்துலதானா, வீட்டுலயே வந்து பார்க்கலாமான்னு."

"விலாசம் குடுத்தானா?"

"கஸ்டமருக்குத்தானே குடுத்தேங்கறான்."

மூத்தவளின் கையில் இன்னும் வெட்டாத வட்ட லென்ஸ் ஒன்று இருந்தது. லென்ஸின் நடுவைக் குறிக்கும் பேனாவும் இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் அந்தக் கண்ணாடி வட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அது பட்டறை.

வீட்டுக்குப் போன் போட்டாள். தம்பி மனைவி, அந்தத் தையல்காரி, முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"நூறு ஆயுசு அண்ணி உங்களுக்கு! நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னிக்கு ஒரு நல்ல கிராக்கி வந்துச்சு. சின்னப் பொண்ணுக்கு கவுன் தைக்கணுமாம். பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, அளவெடுக்கணும்னேன். வேணாம்மா, எனக்கு மனப்பாடம்னு தோள், கை, இடுப்பு, உயரம் எல்லாத்தையும் கடகடன்னு சொல்றார்! எவ்வளவு பாசம் பாருங்க. உங்க தம்பியும் இருக்காரே, என் செருப்பு அளவு கேட்டா முழிப்பார்."

"வேற என்ன சொன்னார்?" மூத்தவளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ரொம்ப மெதுவா, மரியாதையா பேசினார். முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கு, அது மறையற அளவுக்கு நீளம் வைங்கன்னார். அட, நம்ம வாண்டுக்குக்கூட இதே மாதிரி முழங்கால்ல..."

தையல்காரி பேச்சை நிறுத்தினாள். அந்தப் பக்கம் மெஷினின் சக்கரம் தானாகச் சுற்றி நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணி" என்றாள். "நான் அதையும் அவர்கிட்ட சொல்லிட்டேனே அண்ணி."

"எதை?"

"நம்ம வீட்டுலயும் ஒரு வாண்டு இருக்கு, அதுக்கும் தழும்பு இருக்குன்னு. எந்த ஸ்கூல்னு கேட்டார். பச்சை கேட் ஸ்கூல்னேன். அண்ணி, நான் பாவி! எனக்கு அந்த முகம் தெரியாதே! ஆளைப் பார்த்தா பூ மாதிரி இருந்தாரே!"

அவள் அழ ஆரம்பித்தாள். மூத்தவளுக்கு ஆறுதல் சொல்லத் தெம்பு இல்லை. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளேயே இரு என்று மட்டும் சொன்னாள். லென்ஸில் இரண்டாவது புள்ளி விழுந்தது. அது வீடு. பேனா தானாக அதே கோட்டில் நகர்ந்து மூன்றாவது இடத்தில் நின்றது. அங்கே புள்ளி வைக்க அவள் கைக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி மறுபடி கூப்பிட்டான். "எப்படிக்கா மோப்பம் பிடிச்சான்? யாருமே சொல்லலியே! நான்கூட என் செல்லுலேர்ந்து ஒருதடவையும் பண்ணலக்கா. பட்டறை போன்லேர்ந்துதான் பண்ணினேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஹலோன்னதும் வெச்சுடுவேன்."

"அவன் டேபிள்ல இருக்கிற போன்ல நம்பர் தெரியுமாடா?"

"எந்த நம்பர்?"

"கூப்பிடறவங்க நம்பர்."

மூத்தவளுக்கு நினைவிருந்தது. மேஜையின் வலது ஓரத்தில், சின்னத் திரையோடு, சாம்பல் நிறத்தில் இருந்த போன். ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அவளே அதைத் துடைத்திருக்கிறாள். தினம் காலையில் அந்தத் திரையில் ஒரே நம்பர் வந்திருக்கும். எடுத்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நம்பரைத் தேடிப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் பட்டறையின் பெயர். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் எவன் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டுமா என்ன?

"ராடார்டா" என்றாள் மூத்தவள். "தினம் காலையில நாம ராடாரைப் போட்டிருக்கோம். அவனை நாம பார்க்கிறதா நினைச்சுக்கிட்டு, இங்கதான் இருக்கோம், இங்கதான் இருக்கோம்னு தினமும் அவன் காதுல போய்ச் சொல்லியிருக்கோம்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அக்காவும் தம்பியும் வாயையே திறக்காமல் கெட்டார்கள். விளையாட்டில் ஒரு சுற்று அதிகமானதற்கே அவனை விரட்டியவள், வாழ்க்கையில் எத்தனையோ சுற்று போக விட்டிருக்கிறாள். அதுவும் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாள். அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"போலீசுக்குப் போயிடலாம்க்கா."

"போய் என்ன சொல்லுவ? பெத்த அப்பா பிள்ளையைப் பார்க்க வந்தாருன்னா? கோர்ட்டு இன்னும் எதுவும் சொல்லல. இன்னிக்கு அவன் வாண்டைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா, அடுத்த வாரம் கோர்ட்டுல பிள்ளை அவன் பக்கத்துல உக்காந்திருக்கும். அப்புறம் யார் வாங்கிக் குடுப்பா?"

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வக்கீலுக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டாள். வகுப்பு டீச்சர் வந்தாள்.

"டீச்சர், இன்னிக்கு வாண்டை யார் வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க. அப்பான்னு சொன்னாலும் அனுப்பாதீங்க. நானே வரேன்."

"என்னம்மா ஆச்சு? இன்னும் கொஞ்ச நேரத்துல மணி அடிச்சுடுவாங்க. வழக்கமா உங்க தம்பி வீட்டம்மாதானே வருவாங்க?"

"வந்து சொல்றேன் டீச்சர். முன் கேட்டுக்கு விடாதீங்க. பின் கேட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் விளையாடும்போது கப்பலுக்குக் கோடு போடுவது அவள். இன்றைக்குக் கப்பல் அவள், கோடு போடுகிறவன் அவன். அப்படியென்றால் அவன் என்ன நினைப்பான்? தையல்காரி சொன்னதும் இவள் அலறி அடித்துக்கொண்டு முன் கேட்டுக்கு ஓடி வருவாள் என்று நினைப்பான். அந்தத் தெருவில் எங்கேயாவது, ஒரு கடை நிழலில் முன்கூட்டியே போய் நிற்பான். கப்பல் தப்ப வேண்டுமானால் நேராகப் போகக் கூடாது.

"நீ வண்டியை எடுத்துக்கிட்டு முன் கேட்டுக்குப் போ" என்றாள், தம்பியை மறுபடி போனில் கூப்பிட்டு. "அவன் கண்ணுல படற மாதிரி நில்லு. உன்னைப் பார்த்தா நானும் அந்தப் பக்கம்தான் வருவேன்னு நம்புவான். நான் சுத்திக்கிட்டுப் பின்பக்கமா போறேன்."

கடை முதலாளி சோடாப்புட்டிக் கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள்.

பஸ் பாதையில் போகவில்லை. மருத்துவமனைச் சுவரை ஒட்டிய சந்தில் நுழைந்தாள். அங்கிருந்து டயர் கடைகள் இருக்கும் தெரு. வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள், மூச்சு முட்டியதும் மறுபடி நடந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் டயர் கடை வாசலில் குனிந்து நின்றார். அவளுக்கு உயிரே போய்விட்டது. அவர் நிமிர்ந்தார், வழுக்கைத் தலை. அடுத்த மூலையில் ஒருவர் போன் பேசிக்கொண்டு திரும்பினார். அவரும் அவன் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பேய் என்றால்கூடப் பரவாயில்லை. பேய்க்கு வாண்டின் தோள் அளவு தெரியாது.

போன் அதிர்ந்தது. "முன் கேட்டுல நிக்கிறேன்க்கா. எதிர்க் கடை, பஸ் ஸ்டாப், மரத்தடி எல்லாம் பார்த்துட்டேன். ஆளைக் காணோம்."

"நல்லாப் பார்த்தியா?"

"சத்தியமாப் பார்த்தேன். ஒருவேளை நாமதான் கிலி பிடிச்சு அலையறோமோ என்னவோ."

ஒரு நொடி அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அடுத்த நொடியே மறுபடி ஓட ஆரம்பித்தாள். புள்ளி தெரியவில்லை என்றால் கப்பலே இல்லை என்று அர்த்தமா? தெரியாமல் இருக்கிற புள்ளியைவிட மோசமானது வேறு எது?

பள்ளியின் பின்பக்கம் ஒரு குறுகிய சந்து. ஒரு பக்கம் பள்ளிச் சுவரும் விளையாட்டு மைதானத்தின் கம்பி வேலியும். மறு பக்கம் குடியிருப்புகளின் சமையலறை ஜன்னல்கள். நடுவில் துருப்பிடித்த சின்னக் கேட். டீச்சர் வாண்டின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே தயாராக நின்றிருந்தாள். வாண்டின் கழுத்தில் தண்ணீர் பாட்டில், கையில் அட்டையில் செய்த ஏதோ ஒரு மீன்.

மூத்தவள் மண்டியிட்டுக் குழந்தையை இழுத்து அணைத்தாள். தலை, தோள், கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் முழுசாக இருந்தன. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"மீனை நசுக்காதேம்மா" என்றது வாண்டு.

"நசுக்கலடா கண்ணு. வா, நாம சீக்கிரம் போகலாம். டீச்சர், உங்களுக்குக் கோடி புண்ணியம்."

டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மூத்தவள் நிற்கவில்லை. குழந்தையின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சந்தில் நடந்தாள். மின்கம்பம் இருக்கும் வளைவைத் தாண்டினால் பெரிய தெரு. அங்கே ஆட்டோ கிடைக்கும். நேராக வக்கீல் வீட்டுக்கே போய்விடலாம்.

வளைவில் திரும்பினாள்.

மின்கம்பத்துக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, மடித்த கை, சட்டைப் பையில் எப்போதும் போல இரண்டு பேனா. முகத்தில் அதே சாந்தமான சிரிப்பு.

"வா" என்றான். "வெயில்ல ஓடி வந்திருப்பே. கொஞ்சம் தண்ணி குடி."

இத்தனை சந்து சுற்றி, இத்தனை கணக்குப் போட்டு, கடைசியில் அவன் காலடிக்கே வந்து நிற்கிறாள். அந்த ஒரு கணம் அவள் தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றே சொல்ல வேண்டும்.

"அப்பா!"

குழந்தையின் குரலில் பயம் துளிக்கூட இல்லை. சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. மூத்தவளின் பிடியிலிருந்து அந்தச் சின்ன மணிக்கட்டு வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் அவள் கத்தினாள்.

வாழ்க்கையில் அவள் அப்படிக் கத்தியதில்லை. அவன் வீட்டில் இருந்தவரை அவள் குரல் உயர்த்தியதே இல்லை. ஒளிந்து வாழ்ந்த இத்தனை நாளில் தும்மலைக்கூட அடக்கித்தான் தும்மினாள். இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் கத்தல். "என் பிள்ளையைத் தொடாதே! யாராவது வாங்களேன்! என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகப் பார்க்கிறான்!"

சமையலறை ஜன்னல்கள் படபடவெனத் திறந்தன. கையில் கரண்டியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். டயர் கடைப் பக்கமிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். டீச்சரும் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

சர்வேயர் சுற்றிலும் பார்த்தான். அவனுக்குப் பத்துப் பேர் பார்ப்பது பிடிக்காது. சிரிப்பு கொஞ்சம் கழன்றது. ஒரு அடி பின்னால் போனான். அவன் பின்வாங்கி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"குடும்ப விஷயங்க" என்றான் கூடியவர்களிடம், கைகளை விரித்து. "நான் குழந்தையோட அப்பா."

"பொய்! அவனை விடாதீங்க!" என்று மூத்தவள் முன்னால் பாய்ந்தாள்.

வாண்டு இருவருக்கும் நடுவில், அட்டை மீனோடு திகைத்து நின்றது. அம்மா கத்தி அது பார்த்ததே இல்லை. உதடு பிதுங்கியது.

"அப்பாவை ஏம்மா திட்டறே?" என்று கேட்டது. "நான்தானே வரச் சொன்னேன்."

பாய்ந்து வந்த மூத்தவள் பாதியிலேயே நின்றாள்.

"சாப்பாட்டு நேரத்துல வேலிக்கிட்ட வந்தார்ல. முன் கேட்டுல வாட்ச்மேன் தாத்தா யாரையும் விடமாட்டார், பின் கேட்டுக்கு வாங்கப்பான்னு நான்தான் சொன்னேன். சர்ப்ரைஸ், அம்மாகிட்ட சொல்லாதேன்னு அப்பா சொன்னார். நான் சொல்லவே இல்லையே, கரெக்டா இருந்தேனே!"

பாராட்டை எதிர்பார்த்து அம்மாவைப் பார்த்தது குழந்தை.

கூட்டத்தின் குரல் மாறத் தொடங்கியது. "அட, பெத்த அப்பாதானே" என்றாள் கரண்டிக்காரி. ஓடி வந்த இருவரில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒதுங்கினார். டீச்சரின் பார்வைகூட மூத்தவள் மேல் கொஞ்சம் சந்தேகமாகத் தங்கியது. இதையெல்லாம் சர்வேயர் ஒன்று விடாமல் கவனித்தான். கழன்ற சிரிப்பு மறுபடி முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இத்தனை பேர் இருக்காங்க. நான் யாரையும் இழுத்துக்கிட்டுப் போகப் போறதில்லை" என்றான் நிதானமாக. பிறகு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தான். "வாண்டு, நீயே சொல்லு. அப்பாகூட வரியா, அம்மாகூடப் போறியா?"

மூத்தவள் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்துக்கொண்டு ஓடினாள் என்றுதான் நாளைக்கு எல்லோரும் சாட்சி சொல்வார்கள். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் அவ்வளவு பொறுமையாகக் கேட்டான்.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "வாடா கண்ணு" என்று சொல்ல நினைத்தாள். கத்திக் கத்தி வறண்ட தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. பெரிய தெருப் பக்கமிருந்து தம்பியின் வண்டிச் சத்தம் நெருங்கியது. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வாண்டு அப்பாவைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. கையிலிருந்த மீனைப் பார்த்தது.

பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது.